வடக்கிருந்தவரின் மனைவி

கொழுந்தன் இறந்துபோன செய்தியை ஞானபாய் அக்கா தன் கையாலேயே இணைத்துக் கொடுத்தாள்.

அது 1973. மழைக்காலம். திருவனந்தபுரம் டெலிபோன் எக்சேஞ்சின் டிரங்க் போர்டில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் வேலை பார்த்தோம். வெளியூரிலிருந்து வரும் அழைப்புகளை இணைப்புக் கம்பி சொருகி உள்ளூர் எண்களோடு இணைப்பது எங்கள் வேலை. நெய்யாற்றின்கரைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவசரமாக ஓர் அழைப்பு வந்தது. சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் உள்ள ஓர் இரும்புக்கடையின் எண்ணைக் கேட்டார்கள். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய கணவர் ஞானசிகாமணியும், அவருடைய தம்பி வேதமாணிக்கமும் அந்தக் கடையில்தான் வேலை பார்த்தார்கள்.

இரண்டு பக்கமும் பேச்சுத் தொடங்கிவிட்டதா என்று ஒரு கணம் கேட்டுவிட்டு நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் கேட்கக் கூடாது. அந்த ஒரு கணத்தில் அவள் காதில் விழுந்தது இதுதான்: "லோறி மறிஞ்ஞு. கூடெ வந்ந ஆள் மரிச்சு. பேரு வேதமாணிக்கம்."

அவள் விலகிக்கொண்டாள். அடுத்த விளக்கு எரிந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. அதையும் இணைத்து முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"சுசீலா, சூப்பர்வைசர்ட்ட எனக்கு ரிலீஃப் வேணும்னு சொல்லு. எங்க வேதம் செத்துப்போனான்."

அவள் சொன்னது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் எழுந்து ஓடினேன். திரும்பி வந்தபோது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றிருந்தாள். கை மட்டும் போர்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. அதை விடுவிக்க நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான புதிதில் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். குழந்தைகள் இல்லை. மாமியார் மாமனார் இருவரும் போனபின் பள்ளிக்கூடப் பிள்ளையாக வந்து சேர்ந்தவன் வேதமாணிக்கம். அவனுக்குச் சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்து, மீசை முளைத்ததும் அண்ணனோடு கடையில் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். அண்ணி என்று அவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அக்கச்சி" என்பான்.

அன்றைக்கு நாகர்கோவிலுக்குச் சரக்கு எடுக்க லாரியில் போகவேண்டியவர் ஞானசிகாமணி. விடிந்தபோது அவருக்குக் காய்ச்சல். "நான் போயிட்டு வாரேன், நீங்க கெடங்க" என்று தம்பி கிளம்பிவிட்டான். திரும்பும் வழியில், பாலராமபுரம் தாண்டுவதற்கு முன், மழையில் லாரி சறுக்கிக் கவிழ்ந்தது. டிரைவர் பிழைத்துக்கொண்டார்.

ஞானபாய் அக்கா வீட்டுக்குப் போனபோது ஞானசிகாமணி போர்வைக்குள் படுத்திருந்தார். செய்தியைச் சொன்னாள். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஜன்னல் பக்கமாட்டா இருந்தான்?" என்று கேட்டார்.

அது அவர் எப்போதும் உட்காருகிற இடம். அதைத் தவிர அன்றைக்கு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை. மண் போடச் சொன்னார்கள், போட்டார். கை கழுவச் சொன்னார்கள், கழுவினார்.

மறு வாரமே கடைக்குப் போனார். ஆணியும் கீலும் நிறுத்துக் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். தட்டில் போட்டால் சாப்பிட்டார், போடாவிட்டால் கேட்கவில்லை. சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. பார்க்கிறவர்கள் "மனசைத் தேத்திக்கிட்டாரு" என்றார்கள். ஞானபாய் அக்கா மட்டும், "அவரு தேறல்ல சுசீலா. எங்கேயோ போய்ட்டாரு. உடம்பு மட்டும் வந்துட்டுப் போகுது" என்றாள்.

கடை முதலாளி நெல்லையப்பன், திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர். சாலைக் கம்போளத்தில் இருந்த தமிழ் வியாபாரிகள் சேர்ந்து ஒரு நாடக சபை வைத்திருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு நாடகம் போடுவார்கள். அதற்கு அவர்தான் தலைவர். ஞானசிகாமணிக்கு நல்ல கணீரென்ற குரல். ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகங்களில் ஏரோது ராஜாவாக வேஷம் கட்டியவர். நெல்லையப்பன் ஒரு நாள் கடையில் வைத்துச் சொன்னார்:

"ஏவே, உம்ம சாரீரம் சும்மா கெடந்து துருப்பிடிக்குது. இந்தத் தடவ ராசா வேஷம் நீருதான் கட்டணும். நாலு பேரோட கூடிக் கத்தினா மனசு லேசாகும் பாத்துக்கிடும்."

அவர் மறுப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். உடனே சம்மதித்துவிட்டார். ஞானபாய் அக்காவுக்கு அன்று எவ்வளவு சந்தோஷம்! எங்களுக்கெல்லாம் முந்திரிக்கொத்து கொண்டுவந்து கொடுத்தாள்.

என்ன நாடகம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்த வருஷம் அவர்கள் எடுத்தது ஒரு பழைய துன்பியல் நாடகம். ஊர் ஊராய்ப் போன கம்பெனிகள் ஒரு காலத்தில் போட்டது. யார் எழுதியது என்று யாருக்கும் நிச்சயமில்லை. சொல்லிக்கொடுத்தவர் ஆறுமுகசாமி. இளமையில் ஒரு நாடகக் கம்பெனியோடு சுற்றியவர். அப்போது பழவங்காடி பக்கத்தில் நாடக உடுப்புகள் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கதை இதுதான்: போரில் ஒரு சேர அரசனின் முதுகில் காயம் படுகிறது. அவனை மறைத்து நின்ற தம்பி வெட்டுப்பட்டுச் சாகிறான். முதுகில் புண்ணோடு உயிர் தப்பிய அரசன், இனி இருப்பது கேவலம் என்று போர்க்களத்திலேயே வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிர்விடத் துணிகிறான். வடக்கிருத்தல் என்று பழங்காலத்தில் அதற்குப் பேர். அமைச்சன் வருகிறான், புலவன் வருகிறான், ராணி வருகிறாள். ஒவ்வொருவரும் எழுந்து வரச்சொல்லிக் கெஞ்சுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரசன் கேள்வி கேட்கிறான். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் செத்துப்போகிறான்.

தம்பியைப் பறிகொடுத்தவனுக்கு இந்த வேஷத்தைக் கொடுத்தார்களே என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் யாரும் அதை அப்படி யோசிக்கவில்லை. குரல் பொருந்தியது, கொடுத்தார்கள்.

ஞானசிகாமணி சாயங்காலங்களில் வீட்டின் பின்னால், கிணற்றடியில் நின்று பாடம் பண்ணினார். அடுப்படியில் நின்றபடி ஞானபாய் அக்கா கேட்டாள். முதலில் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. பல மாதங்களாக வாய் திறக்காதவர் இப்போது தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறார். பிறகுதான் அவர் என்ன பேசுகிறார் என்பது காதில் விழத் தொடங்கியது.

"வாளுக்குத் தப்பினேன்; வாழ்வுக்குத் தப்ப வழியறியேன். பிறக்கும்போது என்னை எவரும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் ஏன் இத்தனை பேர் வழி மறிக்கிறீர்கள்? இருந்து நான் செய்ய வேண்டியது இன்னதென்று ஒருவர் சொல்லுங்கள், எழுந்து வருகிறேன்."

இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு நாள் உரக்க, ஒரு நாள் மெதுவாக. உரக்கச் சொல்லும் நாள்களில் அவள் பயப்படவில்லை. மெதுவாகச் சொல்லும்போது அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கதவோரம் நிற்பாள். நடிப்பா நிஜமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றால், அவர் கிணற்றைப் பார்த்து நின்றார்.

வீட்டிலிருந்த சில பொருள்களை அவள் ஒவ்வொன்றாக அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாள். என்னென்ன என்று நான் கேட்கவில்லை. கிணற்றுக்கு மூடி போட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, பூனை விழுகிறது என்று காரணம் கண்டுபிடித்தாள். வேலை நேரத்தில் இடையில் ஒருமுறையாவது நான் இரும்புக்கடைக்கு ரிங் பண்ண வேண்டும். "அண்ணன் அவிட உண்டா?" என்று கேட்பேன். "உண்டு, ஆணி தூக்குதாரு" என்று யாராவது சொல்வார்கள். நான் அவளைப் பார்த்துத் தலையசைப்பேன். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பாள். இது எக்சேஞ்ச் விதிகளுக்கு விரோதம். சூப்பர்வைசருக்குத் தெரியும். அந்த அம்மா பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

ஒரு நாள் அவள் வேலைக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"நேத்து ஒரு புது வசனம் சொன்னாரு சுசீலா. 'சாவே, என் பேருக்கு வந்த ஓலையில் தம்பியை ஏன் கூட்டிப் போனாய்' அப்படின்னு. ராசா மாதிரிதான் சொன்னாரு. ஆனா..."

"நாடகத்துல உள்ளதாயிருக்கும் அக்கா."

"இருக்கும். ஆறுமுகசாமிட்ட கேக்கணும்."

வேலை முடிந்ததும் இருவரும் பழவங்காடிக்குப் போனோம். ஆறுமுகசாமி கடையில் ஒரு கிரீடத்துக்குப் புதிதாகக் காக்காய்ப்பொன் ஒட்டிக்கொண்டிருந்தார். ஞானபாய் அக்கா அந்த வசனத்தைச் சொல்லி, இது எந்தக் காட்சியில் வருகிறது என்று கேட்டாள். அவர் யோசித்தார். நாடகம் முழுவதும் அவருக்கு நாக்கு நுனியில். மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருப்பார்.

"அப்படி ஒரு வசனமே இதுல கெடையாதே, தாயீ" என்றார். பிறகு, "ஆனா நல்லாருக்கு. சேத்துக்கிடலாமா?" என்று கேட்டார்.

அவள் கடையை விட்டு இறங்கினாள். நான்தான் அவரிடம் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கிரீடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்ததும் ஞானசிகாமணி தானாகவே, "சங்குமுகத்துக்குப் போவமா?" என்று கேட்டார். தம்பி இருக்கும்போது மூவரும் போவார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவர் தனியாகப் போய்விடுவாரோ என்று பயம். பஸ்ஸில் போனார்கள். கடல் கலங்கிக் கிடந்தது. கரையில் நல்ல கூட்டம்; குழந்தைகள், கடலைக்காரர்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலை பக்கமாக நடந்தார். அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையையும் விடுவித்துக்கொள்ளவில்லை.

பிற்பாடு அவள் என்னிடம் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அதனால் எனக்கு நேரில் கேட்ட மாதிரியே இருக்கிறது.

"உங்களுக்குச் சாவணும்னு தோணுதா?" என்று கேட்டாளாம்.

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கினார்.

"தோணுது" என்றார். "எப்பவும் இல்ல. காலத்த எந்திரிக்கும்போது ரொம்பத் தோணுது."

"என்ட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ பயப்படுவ."

"இப்ப மட்டும் பயப்படாமலா இருக்கேன்?"

"வசனமாட்டுச் சொன்னா யாரும் பயப்படாதுன்னு நெனச்சேன் பிள்ளே. கை தட்டுவாவ. வேற எங்க போய் இத நான் சத்தமாட்டுச் சொல்ல?"

கேட்டால் எண்ணம் வலுத்துவிடும் என்று இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள் அவள். கேட்டபின் அப்படி ஆகவில்லை. அவர் மணலில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். அன்று அவர் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்.

மறுநாள் நான் அவளிடம் சொன்னேன்: "அக்கா, டாக்டரைக் காட்டணும். ஊளம்பாறையில."

அவள் என்னை அடித்துவிடுவாள் போலப் பார்த்தாள். ஊளம்பாறை என்றால் எங்கள் ஊரில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. குழந்தைகள் சண்டை போட்டால்கூட "உன்ன ஊளம்பாறைக்கு அனுப்பணும்" என்றுதான் திட்டுவார்கள்.

"எங்க அம்மாவ நான் அங்கதான் கொண்டுபோனேன்" என்றேன். அதுவரை எக்சேஞ்சில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. "அஞ்சு மாசம் பேசாம கெடந்தா. இப்ப மீன்காரிக்கிட்ட வில பேசுதா."

அவள் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். அவர், "நாடகம் முடியட்டும்" என்றார். நெல்லையப்பனிடம் போய் வேஷத்தை மாற்றச் சொன்னாள். அவர் பதறிப்போனார், உடனே மாற்றுவதாகச் சொன்னார். ஆறுமுகசாமிதான் குறுக்கே நின்றார்.

"இப்பம் வேஷத்தப் பறிச்சா, நம்மளும் அவர விட்டாச்சுன்னு ஆகும். நான் மேடையில பக்கத்துத் தட்டி மறைவுல நிக்கேன். கண்ண எடுக்க மாட்டேன், தாயீ" என்றார்.

சரியா தப்பா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பொங்கல் வரைக்கும் அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

நாடகம் வி.ஜே.டி. ஹாலில் நடந்தது. சாலைக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நானும் ஞானபாய் அக்காவும் முன்வரிசையில். திரை தூக்கியதிலிருந்து அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அமைச்சனாக நடித்த சர்க்கரைக்கடைக்காரருக்கு ஒரு பக்க மீசை கழன்று விழுந்து சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஞானசிகாமணி மேடையில் வடக்குப் பார்த்து உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கியது. இருமல்கூட இல்லை. ராணி வேஷக்காரர் ஆண்தான், துணிக்கடைச் சிப்பந்தி. அவர் அரசன் காலில் விழுந்து அழுதபோது நிஜமாகவே அழுதார். அரசன் கண்ணை மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்தான். திரை விழுந்தது.

ஞானபாய் அக்கா அந்தக் கணமே எழுந்து, யாரையும் பார்க்காமல், மேடைக்குப் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். அவர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறுமுகசாமி அவர் தோளில் கை வைத்து நின்றிருந்தார். "பிரமாதமாட்டுச் செய்துட்டாரு" என்றார். ஞானசிகாமணி லேசாகச் சிரித்தார். ஞானபாய் அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முடிஞ்சுது சுசீலா, முடிஞ்சுது" என்றாள்.

நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். அது தப்பு.

நாடகம் நடந்து சில நாள்தான் ஆகியிருக்கும். காலைப் பணி. கடையிலிருந்து எக்சேஞ்சுக்கு நெல்லையப்பனே பேசினார். காலையில் கடை திறந்ததும் சாயா குடிக்கப் போன ஞானசிகாமணி திரும்பவில்லை. கடைத்தெரு முழுக்கத் தேடியாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார், சைக்கிள் கடையிலேயே நிற்கிறது.

நானும் லீவு சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். முதலில் கரமனை ஆற்றங்கரை. துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் அவள் கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். பிறகு வீடு. பூட்டு தொங்கியது. பூட்டியிருந்த வீட்டின் எல்லா அறைகளையும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிணற்று மூடி போட்டபடி இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவள், "பாலராமபுரம்" என்றாள்.

நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறினோம். அந்த பஸ் நின்று நின்றுதான் போயிற்று. நேமத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது; பெண்கள் பூவும் பட்டுமாக எங்களை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி ஞானபாய் அக்காவிடம், "சேச்சி கொறச்சு நீங்ஙி இரிக்கோ" என்றாள். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஜெபமா, அந்த நாடக வசனமா, எனக்குத் தெரியவில்லை.

லாரி கவிழ்ந்த இடம் அவளுக்குத் தெரியும். முன்பே ஒரு முறை போய்ப் பார்த்திருக்கிறாள். இறங்கி நடந்தோம். சாலையோரம் ஒரு புளியமரம். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஓடைக்கு மேலே சின்னப் பாலம். பாலத்தின் கட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். எதிர்ப்பக்கம் இருந்த சாயாக்கடைக்காரி, முத்தாரம்மாள் என்று பேர். நெசவுக்காரத் தெருவைச் சேர்ந்த தமிழச்சி.

எங்களைக் கண்டதும் அவள்தான் முதலில் பேசினாள்: "உங்க ஆளா? காலத்தே வந்து இருக்குது. சாயா கொடுத்தேன், குடிக்கல்ல. கண்ணு லோறி வர்ற பக்கமே நிக்குது. எனக்கு மனசு சரியில்ல, அதான் கடைய விட்டுட்டு இங்கேயே நின்னுக்கிட்டேன். கடையில பால் தீஞ்சு போயிருக்கும்."

ஞானபாய் அக்கா அவளைக் கும்பிட்டாள். பிறகு கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். லாரிகள் எங்கள் சேலையை இழுத்துக்கொண்டு போயின.

"இங்க வந்தா என்னமும் தெரியும்னு நெனச்சேன்" என்றார் அவர். "ஒண்ணுமே இல்ல. ஒரு புளியமரம். ஒரு சாயாக்கடை. அவன் செத்ததுக்கு இங்க ஒரு அடையாளமும் இல்ல பிள்ளே."

"ம்."

"நாடகத்துல ஒவ்வொருத்தரா வந்து எந்திரி எந்திரின்னு கேட்டாவ. திரை விழுந்த பெறகு யாரும் கேக்கல்ல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கேக்கேன். எந்திரிங்க. இருந்து என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாதுன்னுதான் அந்த நாடகமும் சொல்லுது. தெரியாமலே நான் இருக்கேன் இல்லியா? நீங்களும் இரிங்க. தனியா இருக்காண்டாம், கூட இரிங்க. நாளைக்கு டாக்டர்ட்ட போவோம்."

அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. தம்பி போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவர் அழுதார். வாயைத் திறந்து, குழந்தை மாதிரி, சளி ஒழுக அழுதார். முத்தாரம்மாள் தன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து நீட்டினாள். அழுதுவிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஞானபாய் அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று முழுக்க அவர் கையை அவள் விடவே இல்லை. நான் பாலராமபுரத்திலிருந்து போன் பண்ணிச் சொல்லி நெல்லையப்பன் அனுப்பிய காரில் ஏறும்போதும் விடவில்லை.

மறுநாள் காலை ஊளம்பாறை வாசலில் மூன்று பேரும் நின்றோம். உள்ளே கால் வைக்க அவர்கள் இருவருக்கும் நடுக்கம். எனக்கு வழி தெரியும் என்பதால் நான் முன்னால் போனேன். டாக்டர் ஒரு வயதான மலையாளி. வாழ்வைப் பற்றியும் சாவைப் பற்றியும் என்னென்னமோ கேட்பார் என்று ஞானபாய் அக்கா எதிர்பார்த்திருந்தாள். அவர், "ராத்திரி உறக்கம் உண்டோ?" என்று கேட்டார். "எப்போழா உணருந்நது? ஜோலி செய்யான் பற்றுந்நுண்டோ?" என்றார்; எப்போது விழிப்பு வருகிறது, வேலை செய்ய முடிகிறதா என்றுதான். கடைசியில் தணிந்த குரலில், மரிக்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டார். ஞானசிகாமணி மனைவியைப் பார்த்தார். "தோணுது சாரே" என்றார். டாக்டர் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. தலையாட்டி எழுதிக்கொண்டார். காய்ச்சலுக்கு எழுதுவது போலத்தான் எழுதினார். அதைப் பார்த்தே பாதிப் பாரம் இறங்கியது என்று அவள் பிறகு சொன்னாள்.

சில வாரங்கள் அங்கே தங்க வைத்தார்கள். அவள் வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவாள். கோயிலில் சிலர் அவளோடு பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எக்சேஞ்சிலும் பேச்சு வந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு மனசுக்குச் சுகமில்ல, ஊளம்பாறையில இருக்காரு" என்று அவளே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அதற்குமேல் ரகசியமாகப் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அவர் திரும்பி வந்தார், மாத்திரைகளோடு. முதலில் கை நடுங்கியது, வாய் உலர்ந்தது. நெல்லையப்பன் அவரைக் கல்லாப் பக்கம் உட்கார வைத்து, பாரம் தூக்கவேண்டாம் என்றார். மெல்ல மெல்ல உடம்பில் சதை பிடித்தது. ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்று குறை சொன்னாராம். எக்சேஞ்சுக்கு வந்து அதை ஞானபாய் அக்கா ஒரு நற்செய்தி மாதிரி சொன்னாள்.

அத்தோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். சில வருஷங்கள் கழித்து, நன்றாகிவிட்டது என்று அவராகவே மாத்திரையை நிறுத்தினார். விடியற்காலையில் எழுந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை அவள் கவனித்தாள். இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. நேராகக் கேட்டாள், அவரும் மறைக்கவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முன்னைவிடச் சீக்கிரம் தேறினார்.

எண்பதுகளில் எஸ்.டி.டி. பரவியதும் எங்கள் போர்டுகளில் வேலை குறைந்தது. எங்கள் இருவரையும் விசாரணைப் பிரிவில் போட்டார்கள். வேலை இல்லாத மதியங்களில்தான் அவள் இதையெல்லாம் எனக்கு முழுசாகச் சொன்னாள்.

1983இல் நெல்லையப்பன் இறந்துபோனார். மாரடைப்பு. செய்தி வந்தபோது அவள் எக்சேஞ்சில்தான் இருந்தாள். கணவர் சுடுகாடுவரை போவார், எல்லாம் முடிகிறவரை நிற்பார், தடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அன்றைய மதியம் முழுவதும் என்னோடு உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பணி முடிந்ததும் நானும் அவளோடு கரமனைக்குப் போனேன். இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போயிற்று.

அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் என்ன நினைத்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"அழுதேன்" என்றார் தானாகவே. "நல்லாட்டு அழுதேன். வேற ஒண்ணும் இல்ல. குளிக்க வெந்நி போடு பிள்ளே."

அவள் உள்ளே போனாள். நானும் அடுப்படிவரை போய், "இனியாவது பயப்படாம இரியுங்க அக்கா" என்றேன். அவள் விறகை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னாள்:

"பயம் போகாது சுசீலா. அதும் இந்த வீட்டுலதான் இருக்கு. அதுக்காக வெந்நி போடாம இருக்க முடியுமா?"

கொல்லைப்புறத்தில் அவர் வாளியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அவள் ஒரு கணம் காது கொடுத்தாள். பிறகு தண்ணீர் கொதித்ததும் பானையைத் துணியால் பிடித்து இறக்கினாள்.